எல்லா ஃபைலும் விஜயதசமியில் பிறந்தவை

ஸ்ரீராமஜயம்

குஷாய்குடா, ஐதராபாத்
விபவ வருஷம், ஆவணி மாதம்,
சுக்ல தசமி, திங்கட்கிழமை

மதராஸ் மேற்கு மாம்பலத்தில் சகல சௌபாக்கியங்களுடன் விளங்கும் சம்பந்தி பிரம்மஸ்ரீ அனந்தராமய்யர் அவர்களின் சமுகத்துக்கு, ராமசுவாமி செய்துகொள்ளும் அநேக நமஸ்காரம். இவ்விடத்தில் நானும், என் தர்மபத்தினி ருக்மிணியும், சிரஞ்சீவி பத்ரிநாராயணனும், தங்கள் குமாரத்தியும் எங்கள் நாட்டுப்பெண்ணுமாகிய சௌபாக்கியவதி ஜலஜாவும் பகவத் கிருபையால் க்ஷேமம். அவள் வயிற்றிலுள்ள ஏழு மாதத்துச் சிசுவும் க்ஷேமம் என்று டாக்டரம்மாள் சொல்கிறாள். அவ்விடத்து க்ஷேமத்தை விசாரிக்க மட்டும் எனக்கு நா எழவில்லை. சென்ற வியாழக்கிழமை காலை தாங்கள் வாடகைக் காரோடும், சம்பந்தியம்மாள் அபயாம்பாள் மல்லிகைச் சரத்தோடும் சென்ட்ரல் ஸ்டேஷனில் நின்று, இறங்கிய பிரயாணிகளில் நிறைமாதம் போலத் தோன்றிய ஒரு மார்வாடிப் பெண்மணியைப் பின்புறமிருந்து "ஜலஜா" என்று அழைத்து, அவள் கணவரிடம் விளக்கம் சொல்ல நேர்ந்ததையும், பத்ரி அடித்த தந்தி அதற்குப் பிறகே தங்கள் வீடு வந்து சேர்ந்ததையும் அறிந்து நாங்கள் அடைந்த வெட்கத்துக்கு எல்லையில்லை. "ஜலஜா எங்கே, விளக்கவும்" என்று தாங்கள் பதில் தந்தி கொடுத்தீர்கள். விளக்கம் தந்தியில் அடங்காது. அடக்கினால் தாங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே இக்கடிதம்.

தாங்கள் அறிந்தபடி, ஜலஜா இங்குள்ள பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்க்கிறாள். பிரசவ விடுப்பில் போவதற்கு முன், ஊழியர்களின் விடுப்புக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரே போடும்படியாக ஒரு புரோகிராமை முடித்து ஒப்படைக்க வேண்டும் என்பது அவளுடைய மேலதிகாரி சீதாராமனின் கட்டளை. முடித்தால்தான் விடுப்பு, விடுப்பு கிடைத்தால்தான் தங்கள் வீட்டுப் பிரயாணம். மௌலா அலி ரயில்வே கேட்டருகே பஸ் குலுக்குகிற குலுக்கலில் அவள் போய்வரலாகாது என்று டாக்டரம்மாள் தடுத்துவிடவே, சீதாராமன் பெரிய மனது பண்ணி, தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் ஒன்றையே ஜீப்பில் ஏற்றி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அனுப்பிவைத்தார். தூசு படாத இடம், செருப்புக் கால் நுழையாத இடம், மூன்று முனைச் சுவிட்சு உள்ள இடம் என்று மூன்று நிபந்தனைகள் போட்டிருந்தார். எங்கள் வீட்டில் அம்மூன்றும் பொருந்துவது பூஜையறை ஒன்றுதான். ஆகவே இயந்திரம் பெருமாள் படத்துக்கு இடப்புறம் அமர்ந்தது. ருக்மிணி அதன் நெற்றியில் குங்குமமிட்டாள். ஜலஜா அதைத் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் இடச் சொன்னாள். அதுவரை ஒரு குறையுமில்லை.

இனி என் பங்கு. ஜலஜாவுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டுமென்று, அவள் புறப்படுவதற்குள் லட்சம் தரம் ஸ்ரீராமஜயம் எழுதுவதாக நான் பிரார்த்தித்துக்கொண்டிருந்தேன். ராணுவ டிப்போவில் நாளெல்லாம் பேனா பிடித்து ஓய்ந்த இந்த வலது மணிக்கட்டு, பத்து வரி எழுதியதும் அடுத்த வீட்டுக்காரனுடையது போல ஆகிவிடும். அதைக் கண்ட தங்கள் குமாரத்தி, தங்க மனசுக்காரி, நான் கேளாமலே அவ்வியந்திரத்தில் தட்டக் கற்றுக்கொடுத்தாள். ஆங்கில எழுத்தில் எழுதினால் சேருமா என்று முதலில் எனக்கு ஐயம். பகவானுக்கு எந்த எழுத்தும் கூட்டிப் படிக்கத் தெரியும் என்று தேறினேன். ஒரு வரி தட்டினால் அதை நூறாக்கும் குறுக்கு வழியொன்றையும் அவள் காட்டினாள்; அது ஜபமாகாது என்று மறுத்துவிட்டேன். ஒவ்வொரு நாமமும் என் விரலால்தான் தட்டினேன். இரண்டு வரிக்கு ஒரு தரம், காற்றில் போய்விடாமலிருக்க, பத்திரப்படுத்தும் பொத்தானையும் அமுக்கினேன். விடியற்காலையில் ஸ்நானம் செய்து மடியாக வந்து இயந்திரத்தைத் திறப்பது நான். சற்று எழுதிவிட்டு அப்படியே ஜலஜாவிடம் ஒப்படைப்பேன். அவள் பகலெல்லாம் வேலை பார்த்து எழுந்த பிறகு மாலையில் மீண்டும் எழுதி, கற்பூரம் காட்டி, மணியடித்து, விளக்கைக் குளிரவைக்கும்போதே இயந்திரத்துக்கும் சுவரிலிருக்கும் சுவிட்சை அணைத்துவிடுவதும் நானே. மின்விசிறிக்கு எப்படியோ அப்படி. அதற்கென்று தனியாக விடைபெறும் முறை உண்டென்பது எனக்குத் தெரியாது.

அவ்வியந்திரத்திடம் என் மனதைப் பறிகொடுத்தது எதனால் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திறந்தவுடன் அது முதலில் கேட்பது, இன்று என்ன தேதி, என்ன நேரம் என்பதே. சம்பந்தி அவர்களே, எனக்கு மெய்சிலிர்த்தது. நாம் எந்தக் கர்மா தொடங்கினாலும் வருஷம், மாதம், பக்ஷம், திதி சொல்லி சங்கல்பம் பண்ணிக்கொண்டல்லவா தொடங்குகிறோம். நம் பிள்ளைகளே மறந்துவிட்ட அந்த ஆசாரத்தை, எங்கோ பிறந்த ஒரு தகரப்பெட்டி தினந்தோறும் வழுவாமல் அனுஷ்டிக்கிறது. நானும் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரத்தையாகப் பதில் சொல்லிவந்தேன். மூன்றாம் நாள் அஷ்டமி வந்தது. கர்ப்பிணிக்காக எழுதும் நாமத்தை அஷ்டமியில் தொடங்குவதாக எப்படிச் சொல்வேன்? வேறு நல்ல நாளாக ஒன்றைச் சொன்னேன். அது மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. மறுநாள் நவமி. அதற்கு மறுநாள் கரிநாள். தினம் ஒரு நல்ல நாள் தேடுவது வியர்த்தம் என்று தோன்றி, கல்வி தொடங்க முகூர்த்தமே பார்க்க வேண்டாத நாள் ஒன்றுண்டே என்று, அன்று முதல் நாள் தவறாமல் விஜயதசமி என்றே சொல்லிவந்தேன். நேரம் கேட்டால் பிரம்ம முகூர்த்தம், நாலரை மணி. அது ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இப்படியாக ஆவணி மாதத்திலே எங்கள் பூஜையறையில் மட்டும் தினமும் விஜயதசமி நடந்துகொண்டிருந்தது.

புறப்பாட்டு நாள் காலை. மூட்டை கட்டியாயிற்று. சீமந்தப் புடவை மேலே, தங்களுக்கென்று ருக்மிணி இடித்த கோங்குராக் கீரைப் பொடி கீழே. ஜலஜா கடைசிப் பகுதியைப் பத்திரப்படுத்தப் போனவள், "அப்பா, கொஞ்சம் இங்க வாங்கோ" என்றாள். திரையில் ஓர் ஆங்கில வாக்கியம் நின்றது. டிஸ்கில் இடமில்லையாம். அண்டமெல்லாம் அடங்கும் என்று நான் நினைத்திருந்த பெட்டியில் இடமில்லையாம். அவள் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டாள். வாயில் நுழையாத பேர்கள், ஒவ்வொன்றுக்கும் டி-எம்-பி என்று வால், பக்கம் பக்கமாக மேலே ஏறிக்கொண்டேயிருந்தன. நான் கணவாய் வழியே படை போவதைப் பார்க்கிறவன் மாதிரி நின்றேன். எல்லாம் என்னுடையவை.

அவள் பொறுமையாக விளக்கினாள். இயந்திரம் வேலை செய்யும்போது தன் சௌகரியத்துக்கு ஒரு நகலை வைத்துக்கொள்ளுமாம். முறைப்படி விடைபெற்றால் அதைத் தானே கிழித்துப் போட்டுவிடுமாம். "நீங்க படக்குனு சுவிட்சை அணைச்சுடறேளா, அது எழுதிண்டிருந்த கரட்டுத்தாள் மேஜை மேலயே கிடந்துடறது. ஒண்ணு ரெண்டுன்னா பரவால்லை. நீங்க தினம் அதுவரைக்கும் எழுதின மொத்தத்துக்கும் ஒரு நகல் விட்டுட்டுப் போயிருக்கேள்." அவற்றை அழித்தால் இடம் வந்துவிடுமாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாகாதாம். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமையெல்லாம் முதலில் மூட வேண்டும். உபயோகத்திலிருக்கும் தாளைக் கையிலிருந்து பிடுங்கக்கூடாது. அந்த வால் உள்ளவற்றை மட்டுமே தொட வேண்டும். வேண்டியதை ஃப்ளாப்பி என்னும் அந்தக் கறுப்புத் தகட்டில் முன்கூட்டியே நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது தேதி. அவளுடைய கடைசிப் பகுதி, பத்திரமாகாமல் போன பகுதி, இந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒரு கரட்டுத்தாளாகத்தான் உயிரோடு இருக்கிறதாம். "அது இன்னித் தேதியில இருக்கும். இன்னித் தேதி போட்டதைத் தொடவே கூடாது. பழசெல்லாம் போகட்டும்" என்றாள். தேதி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு ஏதோ ஒன்று உறுத்தியது. ஆனால் அதற்குள் அதைவிடப் பெரிய உறுத்தலொன்று வந்து அதை மறைத்துவிட்டது.

அந்தத் தாள்களிலெல்லாம் ராமநாமம் அல்லவா இருக்கிறது? பூஜித்த புஷ்பத்தையே கால்படாத இடத்தில் சேர்க்கிறோம். பிடித்துவைத்த மஞ்சள் பிள்ளையாரை, யதாஸ்தானம் பண்ணி, சற்று வடக்கே நகர்த்தி, மறுநாள் அல்லவா ஜலத்தில் கரைக்கிறோம்? லட்சத்தை நெருங்கிய நாமத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டி இல்லாமல் பண்ணுவதா? முடியாது என்றேன். சிரமத்தில் கால் வீங்கி உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தை, என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "சரிப்பா, என்ன பண்ணினா தோஷமில்லையோ சொல்லுங்கோ, பண்ணலாம்" என்றாள். அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு நானே விதிப்படி தொடங்கினேன். டிஸ்குக்குள் தனி அறை ஒன்று கட்டும் வித்தையை அவளிடம் கேட்டறிந்து, அதற்கு 'வடக்கு' என்று பெயரிட்டு, நாமங்களை ஒவ்வொன்றாக அங்கே நகர்த்தலானேன். நகர்த்துவதாகத்தான் நினைத்தேன். நகல்தான் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச இடமும் போய், இயந்திரம் ஒரு எழுத்துக்கூட ஏற்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. "ஒரே வீட்டுக்குள்ள வடக்கும் தெற்கும் ஒரே இடத்தைத்தாம்பா அடைக்கும்" என்று படுக்கையிலிருந்தே சொன்னாள் ஜலஜா. ரயில் புறப்படும் நேரத்தில் நான் வடக்கை இடித்துக்கொண்டிருந்தேன். தாங்கள் ஸ்டேஷனில் நின்ற கதை இதுவே.

மறுநாள் சீதாராமன், ஜலஜாவோடு வேலைபார்க்கும் அப்துல் ரஹீம் என்ற இஞ்சினியரை அனுப்பிவைத்தார். உள்ளதையெல்லாம் அழித்து இடம் பண்ணிவிட்டு வா என்று அவருக்கு உத்தரவு. நல்ல பிள்ளை. செருப்பை வாசலிலேயே விட்டு, காலலம்பிக்கொண்டு வந்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தமிழர்களோடு பழகி அரைத்தமிழ் பேசுவார். அவசரம் வந்தால் அது இவ்வூர் உருதுவாகிவிடும். திரையைப் பார்த்தார். நாமத்தைப் படித்தார். கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். "நக்கோ மாமா. நக்கோ" என்றார். நக்கோ என்றால் இவ்வூர்ப் பேச்சில் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு என்று பொருள். "இதை கைக்கு அழிக்கிறது? அல்லா பேரு எழுதின காகிதத்தை எங்க அம்மா கச்சடாவில போடமாட்டா. தண்ணியிலே விடுவா, இல்லே மண்ணுல புதைப்பா." அழிக்க வந்தவர் என் கட்சியில் சேர்ந்துவிட்டார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஓடுகிற நீரா, தேங்கிய நீரா, மண்ணானால் எத்தனை ஆழம் என்று சாஸ்திர விசாரம் பண்ணினோம். எனக்கு இத்தனை நாளில் இப்படியொரு சத்சங்கம் வாய்த்ததில்லை. ருக்மிணி இரண்டு தரம் காப்பி கொடுத்துப் பார்த்தாள். மூன்றாந்தரம் டம்ளரை ஓசைப்பட வைத்து, "ஏன்னா, அந்தப் பொண்ணு ஊருக்குப் போகணுமா வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் ரஹீமே ஒரு மார்க்கம் சொன்னார். தொழிற்சாலையில் பழுதென்று ஒதுக்கின ஃப்ளாப்பிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றனவாம். எழுதினால் எழுதும், ஆனால் நிற்குமென்று சொல்ல முடியாதாம். அவற்றில் நாமத்தை ஆவாஹனம் பண்ணிக்கொண்டால், டிஸ்கில் இருப்பது வெறும் தடந்தானே, அதை அழிப்பதில் பாபமில்லை. ஃப்ளாப்பிகளைப் பிறகு முறைப்படி நீரில் சேர்த்துக்கொள்ளலாம். இதைவிட நல்ல தீர்ப்பை எந்தச் சாஸ்திரிகளும் சொல்லியிருக்க மாட்டார். பெட்டி வந்தது. நாள் பூராவும் தகடு மாற்றித் தகடு மாற்றி நாமத்தை இறக்கினோம். இறுதியில் நான் கண்களை மூடிக்கொண்டு, யதாஸ்தானம் சொல்லி, அட்சதை போட்டு, "ஆகட்டும்" என்றேன்.

சம்பந்தி அவர்களே, இனி வருவதைத் தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்கும்படி வேண்டுகிறேன்.

ரஹீம் ஜலஜாவின் அறைவாசலில் நின்று எதை விடுவது, எதை அழிப்பது என்று கேட்டார். அவள் சொன்னதையே திரும்பச் சொன்னாள்: கடைசித் தேதி போட்ட ஒன்றே ஒன்றை விட வேண்டும், ஆவணி மாதத்து நேற்றுத் தேதி, மற்றதெல்லாம் போகலாம். அவர் வந்து பட்டியலைப் பார்த்தார். மேலே போனார், கீழே வந்தார். "மாமா, நேத்து தேதி போட்டது ஒண்ணுகூட இல்லே. ஆரம்பத்துல கொஞ்சம் தவிர எல்லாம் தசரா தேதியா இருக்கு. கிளாக் கெட்டுப்போச்சு போல. ஜலஜா பாபி சொன்ன ஃபைலு போயிட்டுது, பேச்சாரி, பாவம். அப்போ எல்லாத்தையும் மொத்தமா எடுத்துடறேன்" என்று, இரக்கத்தோடு ஒரு பெருமூச்சு விட்டு, விரலை உயர்த்தினார். அந்த ஒரு கணத்தில் எனக்கு நேற்று உறுத்தியது இன்னதென்று விளங்கிவிட்டது. ஜலஜாவின் உழைப்பு போகவில்லை. அதுவும் அதே விஜயதசமியில், என் நாமங்களுக்கு நடுவே உடன்பிறப்பாக நின்றுகொண்டிருக்கிறது. நான் திறந்துகொடுத்த பெட்டியில்தானே அவள் பகலெல்லாம் வேலை செய்தாள். ரஹீமின் விரல் இறங்குகிறது. ஐம்பது வருஷம் ஓதிய வாய் இது. அதிலிருந்து வந்தது வடமொழியுமன்று, தமிழுமன்று.

"நக்கோ!" என்று கத்தினேன்.

ரஹீம் நாற்காலியோடு பின்னால் போனார். ருக்மிணி கரண்டியோடு ஓடிவந்தாள். ஜலஜா எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மூவருக்கும் முன்னால் நான் நடந்ததைச் சொன்னேன். அஷ்டமியைச் சொன்னேன், நவமியைச் சொன்னேன், கரிநாளைச் சொன்னேன். நம் பழம்பாடல்களிலே கார்காலம் வந்த பிறகும் இது கார் அன்று என்று தோழி தலைவியைத் தேற்றுவதுண்டே, காலத்தை மாற்றிச் சொல்வது நம் மரபுக்குப் புதிதில்லையே என்றும் சொல்லிப்பார்த்தேன். "தோழி டிஸ்க்கிலயா எழுதிவச்சா?" என்றாள் ருக்மிணி. ஜலஜாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்து நான் கைகூப்பப் போனேன். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, "தினமுமா? தினமும் விஜயதசமியாப்பா?" என்று சிரிக்கிறாள். பிரசவம் இங்கேயே ஆகிவிடப் போகிறதென்று ருக்மிணி அவளைத் தாங்கிப் படுக்கவைத்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் அவள் சொன்ன வழி: பேரும் உதவாது, தேதியும் உதவாது, இனி ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பது ஒன்றே வழி.

படித்தோம். வெள்ளிக்கிழமை முழுவதும் படித்தோம். ரஹீம் திறப்பார்; திரையில் ராமநாமம் பொழியும்; நான் வாய்க்குள் ஒரு தரம் சொல்லித் தலையசைப்பேன்; அவர் அந்த ஒன்றை மட்டும் அழிப்பார். பிறகு அடுத்தது. ஆயுளெல்லாம் எங்கும் ராமனைக் காணவேண்டுமென்று பிரார்த்தித்தவன் நான். அன்று பகலெல்லாம், ராமன் இல்லாத ஓரிடத்தைக் காட்டு ராமா என்று அவனிடமே வேண்டிக்கொண்டிருந்தேன். திறந்த இடமெல்லாம் அவனே வந்தான். விளக்கேற்றும் வேளைக்கு ஒன்றைத் திறந்தார் ரஹீம். "ஈட்டிய விடுப்பைக் கணக்கிடும்போது அரைச்சம்பள விடுப்பைச் சேர்க்கலாகாது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதைவிட இனிய வாக்கியம் என் காதில் விழுந்ததேயில்லை. ரஹீம் "மில்கயா, கிடைச்சுட்டுது" என்றார். ஜலஜா மூன்று இடத்தில் அதற்கு நகல் எடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "வடக்கிலயும் ஒண்ணு போடட்டுமா?" என்று கேட்டாள். இது சம்பந்தி வீட்டுக் குறும்பு என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இன்று காலை சீதாராமன் நேரில் வந்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் ஒரு கொள்கையுடையவர்: மனிதன் பிழை செய்வான், இயந்திரம் செய்யாது. வருகிறாரே, நல்ல வேளையில் ஆகட்டுமென்று இயந்திரத்தை முன்னதாகவே நான் திறந்துவைத்திருந்தேன். அது வழக்கம்போலக் கேட்டது. நானும், கை பழக்கத்தில், வழக்கம்போலச் சொல்லிவிட்டேன். சீதாராமன் உட்கார்ந்து, பரீட்சைக்கு முதலில் ஜலஜாவின் பெயரையே கொடுத்தார். இந்த ஊழியர் பிரசவ விடுப்பில் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது என்று இயந்திரம் பதில் சொன்னது. அவர் திரையைப் பார்த்தார், எதிரே நின்ற ஜலஜாவைப் பார்த்தார். "சார், தேதி வந்து..." என்று ஜலஜா தொடங்கினாள். அவர் கையமர்த்தினார். "லீவில இருக்கிறவங்க கம்பெனி மெஷினைத் தொடறது ரூலுக்கு விரோதம்மா. இத்தனை நாளா தொட்டிருக்கீங்க. நான் இதைப் பார்க்காத மாதிரி இருக்கேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அடுத்துத் தம் பெயரைக் கொடுத்தார். அவருடைய நெடுநாள் சேமிப்பு விடுப்பு செப்டம்பர் முடிவோடு காலாவதியாகிவிட்டது என்றது. மனிதர் முகம் வெளுத்துவிட்டது. ருக்மிணி மோர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, ஜலஜாவின் விடுப்பில் கையெழுத்திட்டு, தமக்கும் ஒரு விடுப்பு விண்ணப்பம் அங்கேயே எழுதி, இயந்திரத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஜீப் திருப்பம் தாண்டும்வரை ஜலஜா, "சார், சார்" என்று கூப்பிட்டது உண்மை. நாளைக்கே பத்ரி நேரில் போய் விளக்கி, தேதியைச் சரிசெய்து வைப்பதாக ஏற்பாடு. புரோகிராமில் ஒரு பிழையுமில்லை. பிழையெல்லாம் பஞ்சாங்கத்தில்தான்.

ஆகவே, இம்முறை நிச்சயம். ஜலஜா புறப்படுகிறாள், துணைக்கு ருக்மிணியும் வருகிறாள். டிக்கெட் என் சட்டைப்பையில் இருக்கிறது. முன்பு கிழமையைச் சொல்லி அது தவறிவிட்டபடியால், மறுபடியும் கிழமையைச் சொல்லி விதியைச் சீண்ட எனக்கு விருப்பமில்லை. இக்கடிதத்தின் தலையில் இட்டிருக்கும் தேதியை முதல் நாளாக வைத்து, நான்காம் நாள் காலை, தாங்கள் காரோடும் சம்பந்தியம்மாள் மல்லிகையோடும் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எழுந்தருள வேண்டியது. ருக்மிணியின் கைப்பையில் கறுப்புத் தகடுகள் ஒரு கட்டு இருக்கும். அவற்றை ஒரு நல்ல நாள் பார்த்து, மெரினாவில் கரைத்துக் கொடுத்தால் பெரிய உபகாரம். அவை கரையாது என்று ரஹீம் சொல்கிறார். தாங்கள் பார்த்துச் செய்யவும். சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரத்தையும், தங்கள் இல்லத்துக் குழந்தைகளுக்கு என் ஆசிகளையும் சேர்ப்பிக்க வேண்டும். பிறக்கப்போகும் பேரனோ பேத்தியோ தீர்க்காயுசாக, தேதி தவறாமல், உரிய நாளில் அவதரிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் க்ஷேமத்தையே என்றும் விரும்பும்
ராமசுவாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பத்ரி இதைப் படித்துப் பார்த்தான். தலைப்பில் விரலை வைத்து, "அப்பா, இன்னிக்கு சனிக்கிழமை" என்றான். அது எனக்குத் தெரியாதா? இன்று சனிக்கிழமை, அஷ்டமி. ஏற்கெனவே மனவருத்தத்திலிருக்கும் சம்பந்திக்கு அஷ்டமியில் எப்படிக் கடிதம் எழுதுவேன்? ஆகவே திங்கட்கிழமைத் தசமியை இட்டேன். தாங்கள் தசமியிலிருந்து எண்ணி வியாழக்கிழமை ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். வந்தால் மறுபடி அந்த மார்வாடிக் குடும்பத்தைத்தான் பார்ப்பீர்கள். அஷ்டமியிலிருந்து எண்ணவும். ஜலஜா வருவது செவ்வாய்க்கிழமைக் காலை. பத்ரி இன்னொன்றும் சொல்கிறான்: இன்று தபாலில் போட்டால் இது தங்கள் கைக்கு வருவது செவ்வாய்க்கிழமை மத்தியானமாம். தந்தி அடிக்க அவன் சட்டைகூட மாட்டாமல் ஓடியிருக்கிறான். அவன் தந்தி போன தடவை எப்போது வந்து சேர்ந்தது என்பது தங்களுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கின்படி, தபால்காரர் வரும்போது கதவைத் திறக்கப்போவது ஜலஜாவேதான். அம்மா ஜலஜா, சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தாயா? டாக்ஸி கிடைத்ததா? உன் தகப்பனாருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருப்பதால் நீதான் படித்துக்காட்டப் போகிறாய். மேலே உள்ளதையெல்லாம் விட்டுவிடு. நான் நமஸ்காரம் சொன்னதாக மட்டும் சொல். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே. தலையில் நாமம் இருக்கிறது. தகடுகளோடு சேர்த்து வை.